இராவணனுடைய தவமும் வீழ்ச்சியும் – கீதாபாஷ்யத்தின் ஒளியில்

ஸ்ரீமத் ராமாயணத்தைச் சேவிப்பவர்களிடம் இராவணன் ஏன் அழிந்தான் என்று கேட்டால், பிராட்டியைப் பிரித்தமையால் அழிந்தான் என்றே விடை வரும். அவ்விடை பிழையன்று. ஆனால் அது கதையின் முடிவைச் சொல்லுகிறதேயன்றித் தொடக்கத்தைச் சொல்லவில்லை. புலஸ்த்யருடைய பேரன், விச்ரவஸ்ஸின் புதல்வன், வேதம் ஓதினவன், நெடுந்தவம் புரிந்தவன். இப்படிப்பட்டவன் ஸந்யாஸி வேஷம் பூண்டு பிறன் மனைவி தனித்திருக்கும் பர்ணசாலையின் வாசலில் வந்து நிற்கும் நிலைக்கு எந்தெந்தப் படிகளால் இறங்கினான் என்பதே ஆராயத்தக்கது.

இவன் சிறியவனாய் இருந்து கெட்டவனல்லன் என்பதற்குத் திருவடியே ஸாக்ஷி. ஸுந்தரகாண்டம் 49-ஆம் ஸர்க்கத்தில், கட்டுண்டு அரக்கன் ஸபையில் நிற்கும்போதும் அவன் வடிவையும் தைரியத்தையும் பலத்தையும் தேஜஸ்ஸையும் கண்டு திருவடி வியக்கிறார். இவனிடம் அதர்மம் இத்தனை வலுத்திராவிடில், இந்திரனோடு கூடிய தேவலோகத்துக்கும் இவனே ரக்ஷகனாய் இருக்கத்தக்கவன் என்று நினைக்கிறார். பகைவனுடைய தூதர் மனத்தில் எழுந்த நினைவாகையால் இதில் முகஸ்துதிக்கு இடமில்லை. உலகைக் காக்கத் தக்கவன் உலகைக் கதறவைத்தவன் ஆனான். இழப்பின் அளவு அவனுடைய தகுதியின் அளவைக்கொண்டே தெரிகிறது.

அடியேனுடைய தகப்பனார் வீட்டுத் திண்ணையில் கீதாபாஷ்யம் சொல்லிவைக்கும்போது, இரண்டாம் அத்யாயத்தின் 60 முதல் 63 வரையுள்ள ச்லோகங்களுக்கு வந்தால் பாஷ்யத்தை மூடிவைத்து யுத்தகாண்டத்தை எடுக்கச் சொல்லுவார். அந்தப் பழக்கத்தின் பொருத்தத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஸ்ரீபாஷ்யகாரர் அவ்விடத்தில் இராவணனைப் பற்றிப் பேசவில்லை. ஞாநநிஷ்டையில் இழிகிறவனைப் பற்றியே அருளிச்செய்கிறார். ஆயினும் அங்குக் காட்டப்படும் கிரமம் இராவண சரித்ரத்தில் படிப்படியாக விளங்குகிறது.

பாஷ்யம் காட்டும் கிரமம்

60-ஆம் ச்லோகத்தின் பாஷ்யத்தில் ஒரு சிக்கல் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்த்ரியங்களை வென்றால்தான் ஆத்மதர்சனம் உண்டாகும். ஆத்மதர்சனம் உண்டானால்தான் இந்த்ரியங்கள் வெல்லப்படும். ஒன்றுக்கொன்று காரணமாக நிற்பதால் இரண்டும் கைகூடாது. இச்சிக்கலுக்குப் பரிஹாரம் 61-ஆம் ச்லோகத்தில் வருகிறது. நெஞ்சுக்குச் சுபமான இலக்காயிருக்கும் எம்பெருமானிடத்தில் மனத்தை வைத்தவனுக்கு அவனே பாபங்களைப் போக்கி மனத்தைத் தெளிவிக்கிறான். அப்படித் தெளிந்த மனம் இந்த்ரியங்களைத் தன்வசமாக்கும்.

அடுத்த இரண்டு ச்லோகங்களுக்கு பாஷ்யகாரர் அருளிச்செய்யும் அவதாரிகை மிகவும் கவனிக்கத்தக்கது. எம்பெருமானிடத்தில் மனத்தை வையாமல், தன்முயற்சியின் கனத்தையே நம்பி இந்த்ரியஜயத்தில் இழிகிறவன் நாசமடைகிறான் என்பது அதன் கருத்து. ஸ்வயத்நகௌரவம் என்பது அவர் இட்ட சொல். முயற்சியற்றவனைப் பற்றியன்று, பெருமுயற்சி உடையவனைப் பற்றியே இந்த எச்சரிக்கை பிறந்தது. புலன்களை அடக்கி நின்றாலும், அநாதியான பாபவாஸனையினால் அவனுக்கு விஷயங்களைப் பற்றிய நினைவு தவிர்க்க முடியாததாகிறது. அந்நினைவிலிருந்து பற்று, பற்றிலிருந்து காமம், காமத்திலிருந்து கோபம், கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவழிவு, நினைவழிவிலிருந்து புத்திநாசம், அதிலிருந்து அழிவு என்று படிகள் இறங்குகின்றன.

முதற்படி: கண்டதும் விரும்பியதும்

உத்தரகாண்டம் 9-ஆம் ஸர்க்கத்தில் வைச்ரவணனான குபேரன் புஷ்பகத்தில் ஏறித் தகப்பனாரைக் காண வருகிறான். அவனுடைய ஒளியைக் கண்ட கைகஸீ தன் மகனான தசக்ரீவனை அழைத்து, உன் ஸஹோதரனைப் பார், உன்னையும் பார், நீயும் அவனைப்போல் ஆக முயற்சி செய் என்னும் கருத்துப்படப் பேசுகிறாள். தாய் சொன்ன அச்சொல்லே விதை. பொறாமை மேலிட்டவனாய், அண்ணனுக்கு ஒப்பாகவோ மேலாகவோ ஆவேன் என்று அங்கேயே சபதம் செய்து, தம்பியரோடு கோகர்ணத்துக்குத் தவம் செய்யப் புறப்படுகிறான்.

உயர்வை விரும்புதல் தானாகக் குற்றமன்று. ஆனால் அவனுடைய விருப்பத்துக்கு அளவுகோல் எது என்று பார்க்கவேண்டும். இன்னது வேண்டும் என்று அவன் விரும்பவில்லை. இன்னவனுக்குக் குறையாமல் வேண்டும் என்று விரும்பினான். ஒரு பொருளில் வைத்த ஆசை அப்பொருள் கிடைத்தால் தணியும். பிறனோடு ஒப்பிட்டு எழுந்த ஆசைக்குத் தணியும் இடமில்லை. ஒருவனைக் கடந்தால் அவனுக்கும் மேலே வேறொருவன் நிற்பான். குபேரனில் தொடங்கின ஆசை யமனையும் வருணனையும் இந்திரனையும் தேடிச் சென்றது இதனாலேயாம்.

அவன் செய்த தவம் கடுமையானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு தலையாக ஒன்பது தலைகளை அக்நியில் இட்டு, பத்தாவதை அறுக்கும் தருணத்தில் பிரமன் தோன்றினான். உடலை அவன் வென்றான், பசியை வென்றான், உயிரில் வைத்த ஆசையையும் வென்றான். வெல்லாமல் விட்டது ஒன்றுதான்: எதற்காகத் தவம் செய்தானோ அந்த ‘நான்’. மற்றவை யாவும் அந்த ஒன்றுக்கு உணவாயின. ஸ்வயத்நகௌரவம் என்னும் சொல்லுக்கு இதைக்காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

அவன் கேட்ட வரமும் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. கருடர், நாகர், யக்ஷர், தைத்யர், தாநவர், ராக்ஷஸர், தேவர் ஆகியோரால் சாவு கூடாது என்றான். மநுஷ்யர் முதலியோரைத் துரும்பாக எண்ணி விட்டுவிட்டான். மேலே இருப்பவர்களையே பார்த்துப் பழகின கண்ணுக்குக் கீழே இருப்பவர்கள் தென்படவில்லை. எம்பெருமான் அந்த இடைவெளியிலேயே திருவவதரித்தருளினான்.

ஒரு முஹூர்த்தம்

வரம் பெற்ற பின்பும் இராவணன் முழுதும் கெட்டுவிடவில்லை. 11-ஆம் ஸர்க்கத்தில் பாட்டனான ஸுமாலி, இலங்கை முன்பு நம்முடையது, அதைக் குபேரனிடமிருந்து மீட்டுக்கொள் என்று தூண்டுகிறான். அதற்கு இராவணன், குபேரன் நமக்குப் பெரியவன், நீர் இவ்வாறு பேசலாகாது என்று மறுத்துவிடுகிறான். தர்மத்தின் குரல் அவனுக்குள்ளே இருந்தது. அக்குரலுக்கு அவன் வாய் கொடுக்கவும் செய்தான்.

பிறகு ப்ரஹஸ்தன் வந்து, சூரர்களுக்குள் ஸஹோதரபாவம் ஏது என்று கேட்டு, அதிதியும் திதியும் உடன்பிறந்தவர்களாயிருந்தும் அவர்கள் மக்கள் போரிட்ட கதையை எடுத்துரைக்கிறான். இதைக் கேட்ட இராவணன் ஒரு முஹூர்த்தகாலம் ஆலோசித்து, அப்படியே ஆகட்டும் என்றான் என்று வால்மீகி பகவான் பேசுகிறார். இந்த ஒரு முஹூர்த்தமே இராவண சரித்ரத்தின் நடுவிடம் என்பது அடியேனுடைய துணிபு. புதிதாக ஒன்றும் அவனுக்குத் தெரிந்துவிடவில்லை. குபேரன் பெரியவன் என்பது பொய்யாகவுமில்லை. விருப்பத்துக்கு இசைந்த ஒரு நியாயம் கிடைத்தது, அவ்வளவே. காமம் என்பது பற்றின் பழுத்த நிலை என்றும், அந்நிலையை எய்தினவன் விஷயத்தை அநுபவியாமல் தரிக்கமாட்டான் என்றும் பாஷ்யகாரர் அருளிச்செய்தது இங்கே பொருந்துகிறது. தரிக்கமாட்டாதவனுக்கு நியாயம் தேடிக் கொடுப்பது எளிது.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழலாம். இவன் வைகுண்டத்து வாயில்காப்போர் இருவரில் ஒருவன், சாபத்தால் பிறந்தவன் என்று ஸ்ரீபாகவதம் சொல்லியிருக்க, குற்றத்தை இவன்மேல் ஏற்றுவது தகுமோ என்பது. சாபம் இவன் பிறந்ததற்குக் காரணம் சொல்லுகிறது. இவன் நடந்ததற்குக் காரணத்தை இதிஹாஸம் சொல்லுகிறது. மேலும் ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்தில், ஜீவன் செய்யும் முதல் முயற்சியை எதிர்பார்த்தே அந்தர்யாமியான எம்பெருமான் அநுமதி தந்து மேற்செயலில் நடத்துகிறான் என்று நிலைநாட்டப்பட்டுள்ளது. ஸுமாலிக்கு மறுப்புச் சொன்ன அதே வாய், ப்ரஹஸ்தனுக்கு இசைவு சொல்லுமுன் ஒரு முஹூர்த்தம் மௌனமாயிருந்ததே, அந்த முதல் முயற்சிக்கு இடம் அதுவே. அங்கே அவனைத் தடுப்பாரும் இல்லை, வற்புறுத்துவாரும் இல்லை.

அருகிலிருப்பவர்மேல் பாயும் கோபம்

காமம் கோபமாக மாறும் விதத்தை பாஷ்யகாரர் மிக நுட்பமாக விளக்கியருளுகிறார். விரும்பின விஷயம் கைக்கெட்டாமல் இருக்கையில், அருகில் இருக்கிற மநுஷ்யர்களைக் குறித்து, இவர்களால் நம் விருப்பம் கெட்டது என்று எண்ணுவதே கோபம் என்பது அவ்விளக்கத்தின் ஸாரம். தடை எங்கேயோ இருக்கும். கோபம் பக்கத்தில் இருப்பவனைக் கடிக்கும்.

இராவணன் விஷயத்தில் இது எழுத்துக்கு எழுத்து நடந்தது. தம்பி கெடக்கூடாதே என்று குபேரன் ஹிதவார்த்தை சொல்லியனுப்பிய தூதனை அவன் வாளால் வெட்டி அரக்கர்க்கு உணவாக்கினான். மாரீசன் முதல் தடவை அறிவுறுத்தியபோது கேட்டுத் திரும்பிச் சென்றவன், சூர்ப்பணகை வந்து போன பிறகு அதே மாரீசனை, உடன்படாவிடில் இன்றே கொல்வேன் என்று மிரட்டினான். கடலுக்கு அப்பால் நின்ற பெருமாள்மேல் செல்ல வேண்டிய சீற்றம், யுத்தகாண்டம் 16-ஆம் ஸர்க்கத்தில் அருகே நின்று கைகூப்பிப் பேசின விபீஷணாழ்வான்மேல் பாய்ந்தது. ஹிதம் சொல்பவன் கண்ணுக்கு விரோதியாகத் தோன்றுவதே வேட்கை பழுத்துவிட்டதற்கு அடையாளம். இத்தனைக்கும், தூதனைக் கொல்லலாகாது என்று ஸுந்தரகாண்டத்தில் அதே தம்பி சொன்ன வார்த்தையை அவன் ஏற்றுக்கொண்டிருந்தான். கதவு ஒரேயடியாக மூடவில்லை. ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக மூடிற்று.

பிராட்டியைக் கவர்ந்தது பெண்ணாசையினாலன்றோ, பதவி வேட்கைக்கும் அதற்கும் ஸம்பந்தம் என்ன என்று கேட்பார்க்கு ஆரண்யகாண்டம் 31-ஆம் ஸர்க்கமே விடை. பிராட்டியைக் கவரும் யோசனையை முதலில் சொன்னவன் அகம்பனன். பெருமாளைப் போரில் வெல்ல முடியாது, தேவியைப் பிரித்தால் அவர் பிழைத்திரார் என்று வெற்றிக்கு உபாயமாகவே அவன் அதைச் சொன்னான். பின்னர் வந்த சூர்ப்பணகையும், அரசன் கடமையில் உறங்குகிறாய் என்று அவனுடைய அரசமானத்தைக் குத்திவிட்டே பிராட்டியின் அழகைப் பேசினாள். வெல்லவேண்டும் என்ற வேட்கை போட்ட பாதையிலேயே பெண்ணாசை நடந்து வந்தது.

அறிந்தும் திரும்பமாட்டாமை

மயக்கம் என்பதற்கு, செய்யத்தக்கது தகாதது என்னும் விவேகம் அற்றுப்போய் எதையும் செய்யும் நிலை என்று பாஷ்யம் பொருள் காட்டுகிறது. பெருமாளுடைய திருமுடியைப்போல் ஒன்றை மாயையால் செய்வித்துப் பிராட்டியின் முன் வைத்தது இந்நிலை. மூவுலகை வென்ற வீரன், சிறையிலிருக்கும் ஒரு பெண்ணை ஏமாற்றப் பொய்த்தலை தேடினான் என்றால், வேட்கை அவனை எவ்வளவு சிறியவனாக்கிவிட்டது என்பது தெளிவு.

கடைசிப் படியான புத்திநாசத்துக்கு அறிவு மழுங்குதல் என்று பொதுவாகப் பொருள் கொள்வர். பாஷ்யகாரரோ, புத்தி என்றது கொண்ட உறுதியை என்றும், அவ்வுறுதி அழிவதே புத்திநாசம் என்றும் திருவுள்ளம் பற்றுகிறார். இவ்வேற்றுமை இராவணனிடத்தில் நன்கு விளங்குகிறது. கும்பகர்ணன் மாண்டபோது, விபீஷணனுடைய நல்வார்த்தையை அறியாமையால் ஏற்காததன் பலனே இது என்று அவன் வாய்விட்டுப் புலம்புகிறான். ஆக, அறிவு அழியவில்லை. அறிந்ததன்படி நடக்கும் உறுதியே அழிந்தது. பிராட்டியைத் திருப்பியனுப்ப அப்போதும் காலம் இருந்தது, அனுப்ப முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு அவனே முன்பு விடை சொல்லியிருக்கிறான். 36-ஆம் ஸர்க்கத்தில் மால்யவானுக்கு மறுமொழி சொல்லும்போது, தான் இரண்டாக முறிந்தாலும் முறிவானேயன்றி எவரையும் வணங்குவதில்லை என்றும், இது தன் கூடப்பிறந்த தோஷம் என்றும், இயற்கையைக் கடப்பது அரிது என்றும் கூறினான். குணமாகச் சொல்லாமல் தோஷமாகவே சொன்னான் என்பது கருதத்தக்கது. நம் ஸம்ப்ரதாயத்தில் திருமந்த்ரத்தின் நமஸ் சப்தத்தை ‘ந’ என்றும் ‘ம:’ என்றும் பிரித்து, ‘எனக்கு அன்று’ என்று பொருள் கொள்வர். அந்தச் சொல்லுக்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதற்கு இராவணனே விளக்கம்.

அவன் வீழ்ந்துகிடக்கையில் மந்தோதரீ சொல்லும் வார்த்தையோடு இந்தக் கிரமம் நிறைவுறுகிறது. முன்பு நீ இந்த்ரியங்களை வென்று மூவுலகையும் வென்றாய்; அந்தப் பகையை நினைவில் வைத்திருந்தாற்போல் அவ்விந்த்ரியங்களே இப்போது உன்னை வென்றன என்னும் கருத்தை அவள் வெளியிடுகிறாள். தவத்தால் அடங்கின புலன்கள் அழியவில்லை, காத்திருந்தன. நெஞ்சில் எம்பெருமான் இல்லாத இடத்தில் அடக்கம் என்பது வெறும் அணை. நீர் வற்றுவதில்லை, தேங்கித் தேங்கி உடைக்கிறது.

அதே தவம், வேறு பலன்

அதே தாயின் வயிற்றில் பிறந்து, அதே கோகர்ணத்தில் தவம் செய்தவரே விபீஷணாழ்வான். பிரமன் வரம் கேட்கச் சொன்னபோது, எத்தகைய ஆபத்திலும் தன் புத்தி தர்மத்திலேயே நிற்கவேண்டும் என்று அவர் கேட்டார். அவர் கேளாத சிரஞ்ஜீவித்வத்தையும் பிரமன் சேர்த்துக் கொடுத்தான். சாவாமையை நாடிக் கேட்டவன் செத்தான், நாடாதவர் பெற்றார்.

அவருக்கும் ராஜ்யத்தில் ஆசை இருந்ததன்றோ, திருவடியே பெருமாள் முன்னிலையில் அதைச் சொன்னாரே என்பர் சிலர். சொன்னது மெய்யே. ஆனால் சரணாகதி செய்தபின் விபீஷணாழ்வான் பெருமாளிடம் விண்ணப்பித்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இலங்கையையும் நண்பர்களையும் பொருளையும் துறந்து வந்தேன், என் ராஜ்யமும் உயிரும் ஸுகங்களும் தேவரீரிடத்திலேயே உள்ளன என்பது அவர் வார்த்தையின் கருத்து. ராஜ்யம் என்ற சொல் இருவர் வாயிலும் இருக்கிறது. வைத்த இடம்தான் வேறு. இராவணன் அதைத் தன்னிடத்தில் வைத்தான், இழந்தான். தம்பி அதை எம்பெருமானிடத்தில் வைத்தார். அவன் எடுத்துக் கொடுத்தான். வேட்கையைக் கட்டுப்படுத்துவது வேட்கைக்கு உரியவனுடைய வலிமையன்று, அதை ஒப்படைக்கும் இடமே என்பது இதனால் தேறுகிறது.

நமக்கு இதில் உள்ள பங்கு

கீதையின் 16-ஆம் அத்யாயத்தில் அஸுரஸ்வபாவமுடையாருடைய எண்ணங்களை விவரிக்குமிடத்தில், இன்று நான் பெற்றது என் ஸாமர்த்தியத்தாலேயே பெற்றது, அத்ருஷ்டம் முதலியவற்றால் அன்று என்று அவர்கள் நினைப்பதாக பாஷ்யகாரர் காட்டியருளுகிறார். இந்நினைவுக்குப் பத்துத் தலைகள் வேண்டுவதில்லை. நித்யாநுஷ்டாநங்களில் வழுவாதவனுக்கும், க்ரந்தங்களைக் கரைத்துக் குடித்தவனுக்கும், கைங்கர்யத்தில் பரம்பரையுடையவனுக்கும் இது வரும். அவர்களுக்கே விரைவில் வரும், காட்டுவதற்கு முயற்சி அவர்களிடம் இருப்பதால். எழுபது பிராயம் கடந்த அடியேன், தீர்த்தம் யாருக்கு முன், யாருக்குப் பின் என்ற வழக்கினால் ஒரே திருமாளிகையில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஆயுள் முடியுமட்டும் பேச்சற்றிருந்ததைக் கண்டிருக்கிறேன். இருவரும் நியமம் தவறாதவர்கள். இருவருக்கும் ஸுமாலிகளும் ப்ரஹஸ்தர்களும் வாய்த்தார்கள்; ஒரு முஹூர்த்தம் கூடுதலாகத் தாமதிப்பார்தான் இல்லை.

அந்தத் தாமதத்தில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. விரும்பியதற்கு இசைவான நியாயம் எளிதில் கிடைத்தபோது அந்நியாயத்தை ஐயுறுவதும், அருகிலிருந்து ஹிதம் சொல்பவன்மேல் கோபம் எழுந்தபோது அக்கோபத்தை நம்மைப் பற்றிய செய்தியாகக் கொள்வதுமே அது. இவ்விரண்டும் இருந்திருந்தால் இலங்கை எரிந்திராது.

இராவணன் வீழ்ந்தபின் ஸம்ஸ்காரம் செய்யத் தயங்கின விபீஷணாழ்வானைப் பெருமாள் நோக்கி, பகைமைகள் சாவோடு முடிந்தன, உனக்கு இவன் எப்படியோ எனக்கும் அப்படியே என்னும் திருவுள்ளத்தை வெளியிட்டருளினார். உயிரோடிருந்த நாளில் நாம் செய்ய நினைத்த நன்மையை விலக்கிக்கொண்டிருந்தான், இனி விலக்கமாட்டானே என்பது இதன் உட்கருத்து என்று நம் பூர்வர்கள் ரஸித்துக் காட்டுவர். முன்னொரு நாள் வில்லும் முடியும் இழந்து நின்றவனைக் கொல்லாமல் இளைப்பாறிவரச் சொல்லி விடுத்ததும் அதே திருவுள்ளமே. கடைசி அம்பு வரையில் வணங்குவதற்கு இடம் வைத்துக்கொண்டே பெருமாள் போரிட்டார். வணங்குகைக்கு வேண்டிய தலைகளோ பத்து இருந்தன. ஒன்று தாழ்ந்திருந்தாலும் போதுமானதாயிருந்திருக்கும்.